முட்டையை எண்ணியவர்கள் நாட்களை எண்ணவில்லை

போன மாதம் எங்கள் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் 'இலவசக் குழந்தையின்மை ஆலோசனை முகாம்' நடந்தது. நடத்தியது ஒரு தனியார் கருத்தரிப்பு மையம். காலனியில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். ரேஷன் அட்டை திருத்த முகாமுக்குக்கூட யாரும் இப்படி நம் தெருவுக்குள் வந்து கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் நம் பெண்கள் போனார்கள்.

அதில் ஒருத்திக்கு 26 வயது. கல்யாணமாகி மூன்று வருடம். ஆலோசனை இலவசம், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் 1,800 ரூபாய் என்றார்கள். வாரக்கடன் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. ஏ.எம்.எச். 1.1. "முட்டை ஸ்டாக் கம்மியா இருக்கும்மா, லேட் பண்ணாதீங்க" என்று சொல்லி, அடுத்த தாளில் ஐ.வி.எஃப். 'பேக்கேஜ்' விலையை எழுதிக் கொடுத்தார்கள். அது அவள் குடும்பத்தின் ஒன்றரை வருடச் சம்பாத்தியம்.

கூடப் போன மாமியாருக்கு 'ஸ்டாக்' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்று இரவு அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு முட்டையே இல்லியாம். இனி நான் எதுக்குக்கா இருக்கணும்?"

இந்தக் கட்டுரையை அவளுக்காகத்தான் எழுதுகிறேன். அவளைப் போல அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மற்றவர்களுக்காகவும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் மாதம் ஒன்றாக வெளியே வருவது நானூறு, ஐநூறுதான். மீதி எல்லாம் தானாகவே கரைந்து போகும். இது எல்லாப் பெண்களுக்கும் பொது. இதில் குடியானத் தெரு, காலனித் தெரு என்ற பேதம் இல்லை.

ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சிறு முட்டைப் பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன். அதன் அளவைப் பார்த்து எத்தனை முட்டை மிச்சமிருக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். ஸ்கேனில் அந்தச் சிறு பைகளை எண்ணுவது இன்னொரு வழி. மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.எச். பார்ப்பது பழைய வழி. மூன்றும் எண்ணிக்கையைத்தான் சொல்கின்றன. முட்டையின் தரத்தைச் சொல்வதில்லை. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. கணவனின் விந்தணு எப்படி இருக்கிறது என்று தெரியாது. கணவன் வீட்டில் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

இந்தச் சோதனைக்கு உண்மையான பயன் உண்டு. ஐ.வி.எஃப். செய்ய முடிவெடுத்த பெண்ணுக்கு எவ்வளவு ஊசி மருந்து தேவைப்படும், எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் முன், சினைப்பையில் அறுவை சிகிச்சைக்கு முன், சீக்கிரமே மாதவிலக்கு நின்றுபோகும் குடும்பங்களில் இது உதவும். அதை நான் மறுக்கவில்லை. இயல்பாகக் கருத்தரிப்பாளா மாட்டாளா என்பதற்கு இது ஜோசியம் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்திராத, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்கள். ஏ.எம்.எச். 0.7க்கும் கீழே இருந்தவர்களும் இயல்பான அளவு இருந்தவர்களும் ஒரு வருட முயற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அது கண்டது. குழந்தையின்மை இல்லாத பெண்களிடம் இந்த எண்ணை வைத்து எதிர்காலம் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019இல் தன் மருத்துவர்களுக்கு எழுதியது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இந்த எண் இறங்கும். சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் ஏறும். லேபுக்கு லேப் மாறும்.

26 வயதுக்கு 1.1 குறைவுதான். அதைக் கவனிக்க வேண்டும், திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் 'குறைவு' வேறு, 'இல்லை' வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

யாரும் கேட்காத கேள்வி

முகாமில் அவளிடம் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்டேன். வீட்டுக்காரர் என்ன வேலை? பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. எப்போது வருவார்? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. எத்தனை நாள் இருப்பார்? மூன்று நாள், நான்கு நாள்.

கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு நான்கு நாள். 24 நாள். மூன்று வருடத்தில் 72 நாள். ஒரு பெண்ணுக்கு மாதத்தில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களே ஏறத்தாழ ஆறுதான். அவன் வந்த நாட்கள் அந்த ஆறில் எத்தனை தடவை விழுந்திருக்கும்? சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்கிறது. இவர்கள் மூன்று மாதம்கூடச் சேர்ந்து வாழவில்லை.

மூன்று வருடமாகக் குழந்தை இல்லை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். முட்டையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு நாட்களை எண்ணத் தெரியவில்லை. நிலமில்லாத சாதியில் பிறந்தவன் கூலிக்காக ஊரை விட்டுப் போகிறான். அந்தப் பிரிவு அவன் மனைவியின் சினைப்பையில் வந்து நோயாக எழுதப்படுகிறது.

அவனுடைய விந்தணுவைப் பரிசோதித்தார்களா? இல்லை. மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் நின்ற ஆண்களையும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதியில் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவப் படிப்பின் பாலபாடம். விந்தணுப் பரிசோதனை ஏ.எம்.எச். சோதனையைவிட மலிவு. ஊசி குத்த வேண்டியதுகூட இல்லை. ஆனாலும் முதலில் படுக்க வைப்பது பெண்ணைத்தான். ஏனென்றால் ஆணிடம் கேட்டால் 'என்னையா சந்தேகப்படறே' என்று எழுந்து போய்விடுவான் என்று மருத்துவருக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

இங்கே ஊர்க்காரனைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போனால் நான் நேர்மையற்றவள். காலனி ஆண்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டிலேயே 'வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல' என்று குத்திக்காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்குவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? தெரிந்த நாமே செய்கிறோம்.

இன்னொன்றும் யாரும் கேட்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதில் காசநோய் வந்திருந்ததா? இந்தியாவில் கருக்குழாய் அடைபட முக்கியக் காரணங்களில் ஒன்று பிறப்புறுப்புக் காசநோய். காற்றில்லாத ஒற்றை அறை வீட்டிலும் சத்தில்லாத சாப்பாட்டிலும் வளரும் நோய் அது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அவள் கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல் பக்கம் நூற்பாலையில் மூன்று வருடம் இருந்தவள். மாதவிலக்கு வலிக்கு சூப்பர்வைசர் கொடுத்த மாத்திரையைப் பெயர் தெரியாமல் விழுங்கியவள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்படுவதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாத்திரைக்கும் அவள் வயிற்றுக்கும் தொடர்பு உண்டென்று நான் அடித்துச் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். அவளுடைய வேலை, வீடு, பட்டினி எதையும் கேட்காமல் ஒரே ஒரு எண்ணை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவதன் பெயர் மருத்துவமா?

இதே எண், இன்னொரு வாசலில்

பணமில்லாத, குழந்தை வேண்டும் என்று ஏங்கும் பெண்ணுக்கு இந்தச் சோதனை தீர்ப்பாகிறது. பணமில்லாத, ஏற்கெனவே குழந்தை பெற்ற இளம் பெண்ணுக்கு இதே சோதனை விலையாகிறது. ஏ.எம்.எச். அதிகமாக இருந்தால் ஊசி போட்டதும் நிறைய முட்டை வரும். அதாவது அவள் 'நல்ல டோனர்'. அப்படிப்பட்ட உடம்பில்தான் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பும் அதிகம். அந்தப் பாதியைத் தரகர் சொல்வதில்லை.

2010இல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தி முட்டை எடுக்கப்பட்ட இரண்டே நாளில் இறந்தாள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பல முறை எடுத்து விற்றது வெளியே வந்தது. ஆதாரில் வயதைக் கூட்டி, தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பெற்ற தாயும் தரகரும் கைதானார்கள். தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அந்தத் தாயைத் திட்டித் தீர்த்தன. திட்டட்டும். ஆனால் அந்தக் குழந்தையை ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து முட்டைப் பைகளை எண்ணியவர்கள் படித்தவர்கள். பெரியவளா சின்னவளா என்று ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

அந்த வருடம் ஜனவரியிலேயே செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 23 முதல் 35 வயதுக்குள் உள்ள பெண்தான் கருமுட்டை தரலாம். வாழ்நாளில் ஒரே முறைதான். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விலைக்கு விற்பது குற்றம். கொடுப்பவருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீடு வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்டனைப் பகுதிக்கு வாருங்கள். முட்டை கொடுத்த பெண்ணைச் சுரண்டினால் முதல் தடவைக்கு ஐந்து முதல் பத்து லட்சம் அபராதம். சிறை என்பது இரண்டாம் தடவைதான். ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு ஐந்து லட்சம் என்பது எத்தனை நாள் வசூல்? முதல் பெண்ணின் உடம்புக்கு அபராதம், இரண்டாம் பெண்ணின் உடம்புக்குத்தான் ஜெயில் என்றால், அந்த முதல் பெண் யார் வீட்டுப் பெண்ணாக இருப்பாள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சாதி கேட்டுக் கருமுட்டையும் விந்தணுவும் தேடுகிறார்கள் என்பது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. 'நம்மவங்க முட்டை' வேண்டுமாம். நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களுக்கு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் சாதி தெரியாத ஒரு செல்லிலும் சாதி வேண்டியிருக்கிறது. அந்தச் செல்லுக்குச் சாதி இல்லை. எந்தப் பெண்ணின் வயிற்றில் ஊசி போடலாம் என்ற தேர்வில் இருக்கிறது சாதி.

மூடவும் நாம், திறக்கவும் நாம்

1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் கட்சி கருத்தடை வசதிகளுக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தது. சபை அதைத் தோற்கடித்தது. பெரியார் கருத்தடையை ஆதரித்தபோது, நாட்டின் பொருளாதாரத்துக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். பெறுவதும் பெறாமலிருப்பதும் அவள் முடிவு. இதுதான் நம் மரபு.

அரசு அதிலிருந்து எடுத்துக்கொண்டது பாதியை மட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 சதவீதம். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். ஏழைப் பெண்ணின் கருப்பையை மூட முகாம் போட அரசுக்குத் தெரிந்தது. அவளுக்குக் குழந்தை வேண்டும் என்றால் பல காலமாக அவளைத் தனியாரின் வாசலில் விட்டது. இப்போதுதான் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் விழுப்புரத்தின் உள்ளூரில் இருந்து எழும்பூருக்கு ஒரு தடவை போய்வந்தால் இரண்டு நாள் கூலி போகும். இந்தச் சிகிச்சை ஒரு தடவையோடு முடிவதில்லை.

'தெரிந்துகொள்வது உரிமைதானே?'

படித்த தோழிகள் கேட்பார்கள். நம் தலைமுறைப் பெண்கள் வேலைக்குப் போகிறோம், தாமதமாகக் கல்யாணம் செய்கிறோம். முட்டை இருப்பைத் தெரிந்துகொண்டால் திட்டமிடலாமே?

எனக்கு 34 வயது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. எம்.ஏ. சமூகவியல் முடித்து, தம்பியின் படிப்புக் கடனை அடைத்து நிமிர்ந்தபோது முப்பது தாண்டியிருந்தது. போன வருடம் ஒரு லேபில் 'பெண்கள் முழு உடல் பரிசோதனை' என்று ஒரு பேக்கேஜ் எடுத்தேன். அதில் ஏ.எம்.எச்.சையும் சேர்த்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. வந்த தாளில் சிவப்பு எழுத்தில் 'குறைவு'. மறுநாளே ஒருவர் போன் செய்து முட்டையை உறைய வைப்பது பற்றிப் பேசினார். தவணை வசதி உண்டாம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன். கல்யாணம் வேண்டுமா என்றே முடிவு செய்யாதவள், எதையோ பறிகொடுத்தவள் போல அழுதேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். மேலே எழுதிய ஆய்வை எல்லாம் அப்போதுதான் தேடினேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியும், தேடத் தெரியும். ஆகவே ஒரு வாரத்தில் தெளிந்தேன். காலனிப் பெண்ணுக்கு அந்தத் தாளில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. அவளுக்குக் கிடைத்தது 'ஸ்டாக் கம்மி' என்ற இரண்டு சொற்கள். தெரிந்துகொள்வது உரிமைதான் தோழி. ஆனால் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு அர்த்தத்தைக் கொடுக்காமல் இருப்பது தகவல் அல்ல, மிரட்டல். முப்பதுக்குப் பிறகு, குறிப்பாக 35க்குப் பிறகு, வாய்ப்பு குறைகிறது என்பது உண்மை. அதைச் சொல்ல 1,800 ரூபாய் வேண்டாம். பிறந்த தேதி போதும்.

என்ன செய்ய வேண்டும்?

முகாம்களில் குழந்தையின்மை என்று உறுதியாகாத பெண்களுக்கு இந்தச் சோதனை எடுப்பதை மாவட்டச் சுகாதாரத் துறை தடுக்க வேண்டும். தம்பதிக்குச் சிகிச்சை என்றால் ஆணின் பரிசோதனை இல்லாமல் பெண்ணின் கோப்பைத் திறக்கக் கூடாது. முடிவுத் தாள் தமிழில், விளக்கத்தோடு வர வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் முதல் கட்டச் சிகிச்சையும் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். கருமுட்டை கொடுத்த பெண்ணைச் சுரண்டினால் முதல் தடவையே சிறை என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.

இதெல்லாம் நாளைக்கே நடக்காது. நாளைக்கே நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த நோட்டீஸ் உங்கள் தெருவுக்கு வந்தால், குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டு, நான்கு கேள்விகளோடு போங்கள். என் வீட்டுக்காரருக்கு என்ன சோதனை? இந்தச் சோதனையின் முடிவால் என் சிகிச்சையில் எது மாறும்? கருக்குழாய், காசநோய் பார்த்தீர்களா? இதை அரசு மருத்துவமனையில் பார்த்தால் என்ன செலவு? நான்குக்கும் பதில் சொல்லாதவரிடம் கையை நீட்டாதீர்கள்.

அந்தப் பெண்ணை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா 1.1 என்ற தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "உன் வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். அவ்வளவு நாளில் அதைக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான்.

வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "எனக்கென்ன குறை?" என்றானாம். மாமியார் வேறு பெண் பார்ப்பதாகத் தெருவில் பேச்சு. பொங்கலுக்கு அவன் வரும்போது நானும் சங்கத் தோழர்கள் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போகிறோம். அவளுடைய தாளைத் தெரு முழுக்கப் படித்தாகிவிட்டது. இனி அவனுடைய தாள் வரட்டும்.